தோலும் குரலும்: ‘த ஜூவல் இன் த கிரவுன்’ தொடர் காட்டும் காலனிய இந்தியா

1942ஆம் ஆண்டின் தொடக்கம். வட இந்தியாவில் மாயாப்பூர் என்ற கற்பனை நகரம். தலைமறைவான ஒருவனைத் தேடிக்கொண்டு மாவட்டக் காவல்துறை கண்காணிப்பாளன் ரொனால்ட் மெரிக் ஒரு தொண்டு இல்லத்துக்கு வருகிறான். அங்கே குழாயடியில் ஓர் இந்திய இளைஞன் தலையை நனைத்துக் கழுவிக்கொண்டிருக்கிறான். முந்தின இரவு குடித்துவிட்டுப் பொட்டலில் கிடந்தவனை அந்த இல்லத்தார் தூக்கி வந்து படுக்க வைத்திருந்தார்கள். மெரிக் உருதுவில் விசாரிக்கிறான். தனக்கு அந்த மொழி தெரியாது என்று இளைஞன் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறான். மெரிக் ஒரு கணம் திகைத்துப் போகிறான். காரணம், அந்த இந்தியன் பேசிய ஆங்கிலம் மெரிக் பேசும் ஆங்கிலத்தைவிட உயர்ந்த இடத்து ஆங்கிலம். இங்கிலாந்தில் பெரிய பணக்காரர் வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளில் மட்டுமே கிடைக்கும் உச்சரிப்பு அது.

அடுத்த நிமிடம் அந்த இளைஞன் போலீஸ் வண்டியில் ஏற்றப்படுகிறான். ‘த ஜூவல் இன் த கிரவுன்’ தொடரின் மொத்தக் கதைக்கும் விதை இந்தக் குழாயடிதான்.

பிரிட்டனின் கிரனாடா தொலைக்காட்சி நிறுவனம் தயாரித்த இத்தொடர் 1984 ஜனவரி முதல் ஏப்ரல் வரை 14 பகுதிகளாக ஒளிபரப்பானது. பால் ஸ்காட் 1966 முதல் 1975 வரை எழுதிய நான்கு நாவல்களை ஒன்றாக்கி கென் டெய்லர் திரைக்கதை எழுதினார். கிறிஸ்டோபர் மொராஹனும் ஜிம் ஓ’பிரையனும் இயக்கினர். 1942 முதல் 1947 வரை, அதாவது ‘வெள்ளையனே வெளியேறு’ போராட்டத்திலிருந்து நாடு பிரிவினையாகும் வரை கதை ஓடுகிறது. வெள்ளையர் ஆட்சியைப் பற்றி வந்த தொடர்கள் பல உண்டு. நிறவேற்றுமையைக் காட்டியவையும் உண்டு. ஆனால் நிறமும் வர்க்கமும் எப்படி ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன, ஒன்றில் தோற்றவன் இன்னொன்றில் எப்படி ஜெயித்தான் என்பதை இவ்வளவு நுணுக்கமாகக் காட்டிய தொடர் வேறு ஒன்றைச் சொல்வது கடினம்.

கணக்கெழுதியவர் எழுதிய கதை

மூலக்கதை எழுதிய பால் ஸ்காட் பிரபு வம்சத்தில் பிறந்தவர் அல்லர். 1920இல் லண்டனின் வடக்குப் புறநகரில் பிறந்தவர். தந்தையின் தொழில் நொடித்ததால் 14 வயதில் பள்ளியை விட்டு நின்று, ஒரு கணக்காளர் அலுவலகத்தில் சேர்ந்து கணக்கு எழுதப் பழகினார். இரண்டாம் உலகப் போர் அவரை ராணுவத்துக்குள் இழுத்தது. 1943இல் இந்தியாவுக்கு வந்து இங்கே அதிகாரியானார். ஊரில் சாதாரண எழுத்தராக இருந்த ஒருவர் கப்பலை விட்டு இறங்கியதும் ‘சாகிப்’ ஆகிவிடுகிறார். பணிவிடைக்கு ஆள் கிடைக்கிறது. ரயிலில் முதல் வகுப்பு கிடைக்கிறது. கடல் கடந்ததால் ஒரு மனிதனின் மதிப்பு எப்படி ஏறுகிறது என்பதை ஸ்காட் தன் அனுபவத்திலேயே கண்டவர். இந்தத் தொடர் வருவதற்கு முன்பே, 1978இல், அவர் காலமாகிவிட்டார்.

மதிப்பு இறங்கியவன்

குழாயடியில் நின்ற இளைஞன் பெயர் ஹரி குமார். ஆர்ட் மாலிக் நடித்த பாத்திரம். அவன் கதை அவனுடைய அப்பாவிடமிருந்து தொடங்குகிறது. அப்பா துலீப் குமார் இளம் வயதில் ஐ.சி.எஸ். கனவோடு இங்கிலாந்து போய்த் தோற்றுத் திரும்பியவர்.

அந்தக் கனவின் பின்னணியைத் தெரிந்துகொள்வது அவசியம். ஐ.சி.எஸ். பதவிகளுக்கான போட்டித் தேர்வு 1855இல் தொடங்கியது. யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்பது காகிதத்தில் இருந்த சமத்துவம். ஆனால் தேர்வு லண்டனில் மட்டுமே நடந்தது. கப்பல் கட்டணம், லண்டன் வாசம், தனிப்பயிற்சி எல்லாவற்றுக்கும் பணம் வேண்டும். பிறகு வயது வரம்பையும் 19 ஆகக் குறைத்தார்கள். சத்யேந்திரநாத் தாகூர் முதல் இந்தியராக 1863இல் தேர்வானார் என்றாலும், இந்தியாவிலேயே அந்தத் தேர்வை எழுதும் வசதி 1922இல்தான் வந்தது. ஆக, இந்தியனைச் சட்டம் தடுக்கவில்லை, செலவுக் கணக்கு தடுத்தது. வர்க்கத் தடை நிறத்தடையின் வேலையைச் சத்தமில்லாமல் செய்து முடித்தது.

இதிலிருந்து துலீப் ஒரு முடிவுக்கு வருகிறார். ஆங்கிலேயனுக்குச் சமமாக வேண்டுமென்றால் ஆங்கிலேயனாகவே வளர வேண்டும். சொத்தைக் காசாக்கி, தாயில்லாத கைக்குழந்தையோடு இங்கிலாந்து போகிறார். குமார் ‘கூமர்’ ஆகிறது. மகன் ஹாரி கூமராக, சில்லிங்பரோ என்ற பெரிய பள்ளியில் படிக்கிறான். கிரிக்கெட் ஆடுகிறான். காலின் லிண்ட்சே என்ற வெள்ளைக்காரச் சிறுவன் அவனுக்கு உயிர் நண்பன். தான் இந்தியன் என்பதே அவனுக்கு ஏட்டளவில் தெரிந்த ஒரு தகவல்தான்.

பிறகு துலீப்பின் தொழில் திவாலாகிறது. அவர் தற்கொலை செய்துகொள்கிறார். படிப்பு முடியும் முன்பே, 1938இல், ஹரி மாயாப்பூரில் இருக்கும் அத்தையிடம் அனுப்பப்படுகிறான். ஒரு கையெழுத்தில்லாத காசோலை போல அவன் கையில் இருந்த எல்லாத் தகுதியும் செல்லாததாகிறது. இங்கிலாந்தில் அவனை மேலே தூக்கிய உச்சரிப்பு இங்கே அவனை யாரோடும் ஒட்டவிடாமல் செய்கிறது. ஊர்க்காரர்களுக்கு அவன் பாதி வெள்ளைக்காரன். வெள்ளைக்காரர்களுக்கு அவன் திமிர்பிடித்த கறுப்பன். பிரிட்டிஷ் மின்சாதன நிறுவனம் ஒன்றில் அவன் வேலை கேட்டுப் போகும் கட்டம் நாவலில் வருகிறது. நேர்காணலில் அவனை அவமானப்படுத்துபவன் படித்த மேல்தட்டு வெள்ளையன் அல்லன். தன்னைவிட நன்றாக ஆங்கிலம் பேசும் இந்தியன் தனக்கு ‘சார்’ போடவில்லை என்று பொங்கும் சாதாரண வெள்ளை ஊழியன்.

கடைசி அடி காலினிடமிருந்து வருகிறது. போர்க்காலத்தில் ராணுவ அதிகாரியாக மாயாப்பூருக்கு வரும் காலின், மைதானத்தில் ஹரியைப் பார்க்கிறான். பார்த்தும் அடையாளம் தெரியாமல் நகர்ந்துவிடுகிறான். அவன் கண்ணில் பட்டது ஒரு கறுப்பு முகம், அவ்வளவே. அன்று இரவுதான் ஹரி குடித்துவிட்டுப் பொட்டலில் விழுகிறான். மறுநாள் காலை குழாயடி. மறுநாள் காலை மெரிக்.

மதிப்பு ஏறியவன்

டிம் பிகாட்-ஸ்மித் நடித்த மெரிக், தொலைக்காட்சி வரலாற்றின் மறக்க முடியாத வில்லன்களில் ஒருவன். ஆனால் அவனை வெறும் கொடியவனாகத் தொடர் காட்டவில்லை. மெரிக் கீழ்நடுத்தரக் குடும்பத்தில் பிறந்து, சாதாரண கிராமர் பள்ளியில் படித்து, உழைத்து மேலே வந்தவன். இங்கிலாந்தில் அவன் காலம் முழுக்க யாருக்காவது கதவைத் திறந்துவிட்டுக் கொண்டிருந்திருப்பான். இந்தியாவில் அவன் ஒரு மாவட்டத்தின் போலீஸ் தலைவன். இங்கும் ஐ.சி.எஸ். கனவான்கள் அவனைத் தங்களில் ஒருவனாக ஏற்பதில்லை. போலீஸ் உத்தியோகம் அவர்கள் கண்ணுக்கு ஒரு படி கீழே. விருந்துக்கு அழைப்பார்கள், வேலை வாங்குவார்கள், பெண் கொடுக்கத் தயங்குவார்கள்.

இப்படிப்பட்டவனுக்குக் கையில் இருக்கும் ஒரே முதல் அவன் தோலின் நிறம். அந்த முதல் செல்லுபடியாகாது என்று நினைவூட்டும் ஒரு மனிதனாக ஹரி வந்து நிற்கிறான். வர்க்கத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் ஹரி மேலே, மெரிக் கீழே. நிறத்தை வைத்துப் பார்த்தால் மெரிக் மேலே, ஹரி கீழே. இரண்டு அளவுகோலும் ஒரே அறைக்குள் மோதும்போது எது ஜெயிக்க வேண்டும் என்பதில் மெரிக்குக்குச் சந்தேகமே இல்லை. மேல்தட்டு வெள்ளையர் நிறவெறியைக் கிளப்புக்குள் நாசூக்காக வைத்துக்கொண்டார்கள். அதைத் தடியெடுத்துக் காப்பாற்றும் வேலை மெரிக் போன்றவர்களுக்கு விடப்பட்டது. அவர்கள் செய்த அசிங்கத்தைக் கண்டு முகம் சுளிக்கும் சுகமும் மேல்தட்டுக்கே கிடைத்தது.

இவர்களுக்கு நடுவில் வருகிறாள் டாஃப்னி மேனர்ஸ் (சூசன் வூல்ட்ரிட்ஜ்). மேல்தட்டு வெள்ளைப் பெண். மெரிக் அவளை மணக்கக் கேட்டு மறுக்கப்படுகிறான். அவள் நேசிப்பது ஹரியை. இருவரும் சேர்ந்து உட்கார அந்த ஊரில் இடமே இல்லை. கிளப்புக்குள் ஹரி நுழைய முடியாது. மிஞ்சியது பீபிகர் என்ற பாழடைந்த தோட்டம்.

பீபிகரும் அமிர்தசரஸும்

1942 ஆகஸ்ட் 9 அதிகாலையில் காந்தியும் காங்கிரஸ் தலைவர்களும் கைது செய்யப்படுகிறார்கள். நாடு கொந்தளிக்கிறது. அன்று இரவு பீபிகர் தோட்டத்தில் முகம் தெரியாத சிலர் ஹரியைக் கட்டிப்போட்டுவிட்டு டாஃப்னியைப் பாலியல் வன்முறைக்கு ஆளாக்குகிறார்கள். உண்மை வெளிவந்தால் வெள்ளையர் சமூகம் ஹரியைத்தான் குற்றவாளி ஆக்கும் என்று அவளுக்குத் தெரியும். அன்றிரவு தன்னைப் பார்க்கவே இல்லை என்று சொல்லும்படி அவனிடம் சத்தியம் வாங்குகிறாள். அவன் அந்தச் சத்தியத்தைக் காப்பாற்றுகிறான். அதற்கு விலையாக மெரிக்கின் சித்திரவதையை அனுபவிக்கிறான். டாஃப்னி ஒத்துழைக்காததால் பாலியல் வழக்கு நிற்கவில்லை. ஆனாலும் ஹரி விடுதலை ஆகவில்லை. இந்தியப் பாதுகாப்பு விதிகளின் கீழ் விசாரணையே இல்லாமல் சிறையில் அடைக்கப்படுகிறான். அந்தச் சட்டம் கற்பனை அன்று. 1942இல் பல்லாயிரக்கணக்கான இந்தியர்களை வழக்கு இல்லாமல் உள்ளே வைத்தது அதுதான்.

பீபிகர் என்ற பெயரும் வெறுமனே வைக்கப்பட்டதில்லை. 1857இல் கான்பூரில் ஆங்கிலேயப் பெண்களும் குழந்தைகளும் கொல்லப்பட்ட வீட்டின் பெயர் அது. அதற்குப் பிறகு வெள்ளைப் பெண்ணின் மானம் என்பது ஆட்சியின் மானமாகவே பார்க்கப்பட்டது. 1919 ஏப்ரல் 10 அன்று அமிர்தசரஸில் மார்செல்லா ஷெர்வுட் என்ற மிஷனரிப் பெண்மணி கலவரத்தில் தாக்கப்பட்டார். அவரைக் காப்பாற்றியதும் இந்தியர்களே. ஏப்ரல் 13 அன்று ஜாலியன்வாலா பாக்கில் ஜெனரல் டயர் சுட்டார். அரசுக் கணக்கிலேயே 379 பேர் இறந்தனர். அதோடு நிற்காமல், ஷெர்வுட் தாக்கப்பட்ட தெருவைக் கடக்கும் இந்தியர் ஒவ்வொருவரும் ஊர்ந்துதான் போக வேண்டும் என்று உத்தரவு போட்டார். பின்னர் டயர் பதவி இழந்தபோது ‘மார்னிங் போஸ்ட்’ பத்திரிகை அவருக்காகத் திரட்டிய நிதி 26,000 பவுண்டுக்கு மேல். ஆட்சியின் மனநிலையை அறிய இந்த வரவுக் கணக்கு ஒன்றே போதும்.

கதையில் மேபல் லேட்டன் என்ற முதிய வெள்ளைப் பெண்மணி டயர் நிதிக்குப் பணம் தர மறுத்து, ஜாலியன்வாலா பாக்கில் கணவரையும் தந்தையையும் இழந்த இந்தியக் குடும்பங்களுக்கு 100 பவுண்டு அனுப்பியவர். அதற்காக அவரைச் சொந்த இனத்தவரே ஒதுக்கினார்கள்.

நீதிமன்றத்திலும் இதே நிலைதான். ரிப்பன் பிரபு காலத்தில், 1883இல், மாவட்டங்களில் இருந்த இந்திய நீதிபதிகளும் ஐரோப்பியர் மீதான வழக்குகளை விசாரிக்கலாம் என்று இல்பர்ட் மசோதா கொண்டுவரப்பட்டது. இந்தியாவிலிருந்த ஐரோப்பியர் கொதித்தெழுந்தனர். அதிலும் தோட்ட முதலாளிகள் முன்னணியில் நின்றனர். கூலிகளை அடித்தால் ஓர் இந்தியன் முன் பதில் சொல்ல வேண்டிவரும் என்ற பயம் அவர்களுக்கு. கடைசியில் 1884இல் வந்த சட்டம், பாதிக்குக் குறையாமல் வெள்ளையர் உள்ள ஜூரியைக் கேட்கும் உரிமையை ஐரோப்பியருக்குக் கொடுத்தது. நிறவேற்றுமை வெறும் அகம்பாவமாக மட்டும் இருக்கவில்லை, தோட்டத்து லாபத்துக்குக் காவலாகவும் இருந்தது என்பதற்கு இது நல்ல சான்று.

வெள்ளையருக்குள் கீழோர்

வெள்ளையர் எல்லோரும் ஒன்று என்ற எண்ணத்தையும் இத்தொடர் உடைக்கிறது. பெக்கி ஆஷ்கிராஃப்ட் நடித்த பார்பி பேச்சலர் ஓய்வுபெற்ற மிஷன் பள்ளி ஆசிரியை. மேபலோடு ஒரே வீட்டில் தங்கியிருப்பவர். ராணுவ அதிகாரியின் மனைவி மில்ட்ரெட் லேட்டனுக்கு இவரைக் கண்டாலே ஆகாது. பார்பி தன் சேமிப்பிலிருந்து மில்ட்ரெட்டின் மகளுக்குக் கல்யாணப் பரிசாக வெள்ளிக் கரண்டிகள் தருகிறார். அந்தப் பரிசு அலட்சியப்படுத்தப்படுகிறது. மேபல் இறந்ததும் பார்பி வீட்டைவிட்டு வெளியேற்றப்படுகிறார். நிறம் ஒன்றே, இருந்தும் வேலைக்காரியை நடத்துவது போல நடத்தப்படுகிறார். ஆஷ்கிராஃப்டுக்கும் பிகாட்-ஸ்மித்துக்கும் இத்தொடருக்காக பாஃப்டா விருது கிடைத்தது.

படத்தில் இல்லாதவர்கள்

இவ்வளவு இருந்தும் தொடர் விமர்சனத்துக்குத் தப்பவில்லை. 1982இல் ‘காந்தி’, 1983இல் ‘ஹீட் அண்ட் டஸ்ட்’, 1984இல் ‘த ஃபார் பெவிலியன்ஸ்’ என்று ஆங்கிலேயர் தங்கள் பழைய இந்தியாவைத் திரையில் தேடித்தேடிப் பார்த்த காலம் அது. ‘த ஃபார் பெவிலியன்ஸ்’ தொடரில் இந்திய இளவரசியாக நடித்தவர் அமெரிக்க நடிகை ஏமி இர்விங். சல்மான் ருஷ்டி 1984இல் எழுதிய கட்டுரையில் இந்தப் போக்கைக் கடுமையாகச் சாடினார். இந்தியர்கள் தங்கள் சொந்த வரலாற்றிலேயே துணை நடிகர்களாக ஆக்கப்படுகிறார்கள் என்பது அவர் வாதம். இங்கிலாந்தும் இந்தியாவும் கொண்ட உறவைக் காட்ட வெள்ளைப் பெண்ணை இந்தியர் சீரழிப்பதையா உருவகமாக எடுப்பது, நடந்தது நேர் எதிர் அல்லவா என்றும் கேட்டார்.

இந்தக் கேள்வியை ஒதுக்கிவிட முடியாது. ஹரியின் துயரம் நம்மைத் தைப்பதற்கு ஒரு காரணம், அவன் ஆங்கிலேயனைப் போல இருக்கிறான் என்பது. அவனோடு கைதான மற்ற இளைஞர்களும் அடிபட்டார்கள், அவமானப்பட்டார்கள். அவர்களுக்கு ஆங்கில உச்சரிப்பு இல்லை. தொடரில் அவர்கள் பெயர்கூட நினைவில் நிற்பதில்லை. பெரிய பள்ளியில் படித்த இந்தியனுக்கு அநீதி நடந்தால்தான் அது துயரக்கதையா என்று கேட்கத் தோன்றுகிறது. அப்படிப் பார்த்தால் நிறவேற்றுமையைக் கண்டிக்கும் தொடரே வர்க்க வேற்றுமைக்குக் கொஞ்சம் இடம் கொடுத்துவிடுகிறது.

இதற்கு ஒரு பதில் நான்கு ஆண்டுகளில் இந்தியாவிலிருந்தே வந்தது. 1988இல் தூர்தர்ஷன் ஒளிபரப்பிய கோவிந்த் நிஹலானியின் ‘தமஸ்’, பீஷ்ம சாஹ்னியின் நாவலை அடிப்படையாகக் கொண்டது. பிரிவினைக் கலவரத்தைச் சொல்லும் இத்தொடரைத் தடை செய்யக் கோரிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. இதன் மையத்தில் இருப்பவன் நத்து, தோல் பதனிடும் சாதியைச் சேர்ந்த ஏழை. நடித்தவர் ஓம் புரி. ‘ஜூவல்’ தொடரில் டிசூசா என்ற சிறு பாத்திரத்தில் வந்துபோனவரும் அவரே. மிருக வைத்தியருக்கு வேண்டும் என்று பொய் சொல்லி நத்துவிடம் ஐந்து ரூபாயைக் கொடுத்து ஒரு பன்றியைக் கொல்லச் சொல்கிறார்கள். மறுநாள் அது மசூதி வாசலில் கிடக்கிறது. ஊர் பற்றி எரிகிறது. ராணுவத்தை அழையுங்கள் என்று கெஞ்சும் ஊர்ப் பெரியவர்களிடம், அதிகாரம் இப்போது உங்கள் தலைவர்களிடம்தானே இருக்கிறது என்று வெள்ளைக்கார மாவட்ட அதிகாரி கைவிரிக்கிறான். ஹரிக்காவது தனக்கு என்ன நடந்தது என்று தெரியும். நத்துவுக்குத் தன் கை எதைச் செய்தது என்பதே பிறகுதான் தெரிகிறது. மெரிக்குக்கும் ஹரிக்கும் நடந்த போட்டியில் நத்து போன்றவர்களுக்கு இடமே இல்லை.

வியப்பு என்னவென்றால், ஸ்காட்டுக்கு இந்தக் குறை தெரிந்தே இருந்தது. அவருடைய நான்கு நாவல்களில் முதலாவதற்கும் தொடருக்கும் பெயர் தந்தது ஓர் ஓவியம். விக்டோரியா மகாராணி சிம்மாசனத்தில் இருக்க, இந்திய மன்னர்கள் காணிக்கையோடு நிற்கும் காட்சி. மிஷன் பள்ளிகளில் குழந்தைகளுக்கு ஆங்கிலம் சொல்லித்தரப் பயன்பட்ட படம். பார்பியிடம் அதன் ஒரு பிரதி இருக்கிறது. நாவலில் அவர் அதை மெரிக்கிடம் கொடுக்கும்போது, படம் இன்னும் முடியவில்லை என்கிறார். அதில் எல்லாம் இருக்கிறது, பெயர் தெரியாத இந்தியன் மட்டும் இல்லை என்பது அவர் சொல்லும் காரணம். அதைக் கேட்டுக்கொண்டு நிற்பவன் மெரிக் என்பதுதான் வேதனை.

1947இல், எல்லாம் முடிந்து வெள்ளையர் மூட்டை கட்டும் நேரத்தில், அதே சில்லிங்பரோ பள்ளியில் படித்த கை பெரன் என்ற ஆங்கிலேயன் ஹரியைத் தேடிப் போகிறான். ஹரி அப்போது விடுதலையாகி, மாணவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறான். எந்த உச்சரிப்பு அவனைச் சிறைக்கு அனுப்பியதோ அதுதான் இப்போது சோறு போடுகிறது. பெரன் போன நேரத்தில் ஹரி வீட்டில் இல்லை. சந்துக்குள் இருக்கும் அந்த வீட்டில் தன் முகவரிச் சீட்டை வைத்துவிட்டுத் திரும்பிவிடுகிறான். அவன் ஊர் போய்ச் சேருவான். ஹரி அதே சந்தில் பாடம் நடத்திக்கொண்டிருப்பான்.

ஆட்சி மாறினால் நிற அளவுகோல் ஒழிந்துவிடும். வர்க்க அளவுகோல் அப்படியே கைமாறும். ஹரியிடம் ஆங்கிலம் படிக்க வந்த பிள்ளைகள் ஏன் வந்தார்கள் என்று யோசித்தால் இது புரியும். சுதந்திர இந்தியாவிலும் நல்ல ஆங்கிலம் பேசுகிறவனுக்குத்தான் நாற்காலி கிடைக்கும் என்று அவர்களுக்கு 1947லேயே தெரிந்திருந்தது.